சீட்டை நம்பும் கம்பைலர்

அலெக்ஸாண்டர் ஸ்டெபானோவும் மெங் லீயும் எச்.பி. ஆய்வகத்தில் உருவாக்கிய எஸ்.டி.எல். நூலகம் 1994-இல் சி++ தர வரைவுக்குள் வந்தது. தரவைத் தாங்கும் கண்டெய்னர்கள் ஒரு பக்கம், தேடல், வரிசைப்படுத்தல் போன்ற அல்காரிதங்கள் மறுபக்கம். இரண்டையும் இணைப்பவை இட்டரேட்டர்கள். இன்புட், அவுட்புட், ஃபார்வர்ட், பைடைரக்‌ஷனல், ரேண்டம் ஆக்சஸ் என அவற்றை ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் 'டேக்' என்ற சீட்டை ஒட்டினார்கள்.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. ஆயிரம் இடம் தாண்டு என்று 'அட்வான்ஸ்' சார்பிடம் சொன்னால், வெக்டரில் ஒரே கூட்டல். லிங்க்டு லிஸ்டில் ஆயிரம் தாவல். எதைச் செய்வது என்பது கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடுவதால், ஓடும் நேரத்தில் அதற்கென்று செலவே இல்லை. வெறும் பாயிண்டர் ஒரு கிளாஸ் அல்ல; அதற்குள் எந்த விவரத்தையும் எழுதிவைக்க முடியாது. விவரங்களை வெளியே ஒரு டிரெய்ட்ஸ் டெம்ப்ளேட்டில் வைத்ததால் பாயிண்டரும் இட்டரேட்டராகவே நடமாடுகிறது. நூலகத்திலேயே சாமர்த்தியமான இடம் இதுதான் என்பேன்.

சிக்கலும் அந்தச் சீட்டில்தான். இன்புட்டுக்கும் ஃபார்வர்டுக்கும் எழுத்தில் ஏறக்குறைய வேறுபாடே இல்லை; ஒரே பாதையில் இரண்டாம் முறை நடக்கலாமா என்பதே வேறுபாடு. அதைக் கம்பைலரால் சோதிக்க முடியாது. கோப்பைப் படித்துக்கொண்டே நகரும் இட்டரேட்டருக்கு ஒருவர் ஃபார்வர்ட் சீட்டு ஒட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீட்டை நம்பி வெக்டர் முதலில் நீளத்தை அளந்து, ஒரே முறையில் நினைவகம் ஒதுக்கி, பிறகு நகலெடுக்கும். அளந்து முடிக்கும்போதே கோப்பு தீர்ந்துவிடும். எச்சரிக்கை ஒன்றுகூட வராது.

இன்னொரு குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. எப்படி நகர்கிறது, தொட்டால் எதைத் தருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சீட்டில் பதில் எழுதினார்கள். ஃபார்வர்டும் அதற்கு மேற்பட்டவையும் உண்மையான ரெஃபரன்ஸ் தர வேண்டும் என்பது பழைய விதி. பூல் மதிப்புகளைத் தாங்கும் வெக்டர் பிட்டுகளைச் சுருக்கி அடுக்குவதால் ஒரு பதிலாளைத்தான் தருகிறது. ஆனாலும் ரேண்டம் ஆக்சஸ் சீட்டோடுதான் உலவுகிறது. விதி வகுத்தவர்களின் சொந்த வீட்டிலேயே விதிமீறல்!

ரேண்டம் ஆக்சஸ் கேட்கும் 'சார்ட்'டிடம் லிஸ்டைக் கொடுத்தால் பக்கம் பக்கமாகக் கொட்டிய பிழைச் செய்திகள் பழைய கதை. சி++20-இன் ரேஞ்சஸ் நூலகம், நிபந்தனைகளைக் கம்பைலரிடம் சொல்லும் கான்செப்டுகளால் அதைப் பெருமளவு குறைத்தது. நினைவகத்தில் தொடர்ச்சியாக அமைந்தவற்றுக்கான கண்டிகுவஸ் என்ற வகையும் சேர்ந்தது. ஆனால் பழைய நிரல்கள் உடையக் கூடாதே என்று பழைய சீட்டையும் விட்டுவைத்தார்கள். விளைவு, வரிசை எண்களைத் தரும் 'ஐயோட்டா' வியூவின் இட்டரேட்டர் புதிய கணக்கில் ரேண்டம் ஆக்சஸ், பழைய கணக்கில் வெறும் இன்புட். பழைய 'டிஸ்டன்ஸ்' சீட்டை மட்டும் பார்த்து அடி அடியாக எண்ணும். ரேஞ்சஸ் 'டிஸ்டன்ஸ்' ஒரே கழித்தலில் விடை சொல்லும். இருமுறை நடக்கலாமா என்பதற்குக் கான்செப்டும் சீட்டைத்தான் பார்க்கிறது.

சொந்தமாக இட்டரேட்டர் எழுதுபவர்களே, சந்தேகம் வந்தால் கீழ் வகையையே அறிவியுங்கள். பெரும்பாலும் வேகம்தான் குறையும். மேல் வகை என்று பொய் சொன்னால் விடையே தவறாகும்.