கதவு மூடுவதற்கு முன்

2025 ஜூலையில், 'பெண்ணும் ஊடகமும்' தாளுக்காக முதுகலை மாணவிகளுக்கு 'நீரஜா' படத்தைத் திரையிட்டேன். முடிந்தபோது வழக்கம்போலப் பாதி வகுப்பு அழுதுகொண்டிருந்தது. நானும்தான். விளக்கைப் போட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மேம், அன்னைக்கு வேலைக்கு வரமாட்டேன்னு அவங்க சொல்லியிருக்க முடியுமா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அக்கா வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூ. ஜூன் 23 அன்று கத்தாரிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, அங்குள்ள சில நாடுகள் தம் வான்வெளியை மணிக்கணக்கில் மூடின. அக்கா அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தாள். வான்வெளி திறந்த மறுநாளே, ரோஸ்டரில் உள்ளபடி பணிக்குத் திரும்ப வேண்டும் என்று செய்தி வந்தது. இரண்டு வாரம் பொறுத்து வரலாமா என்று கேட்டாள். வராவிட்டால் வேலையைக் கைவிட்டதாகக் கருதுவோம் என்று பதில் வந்தது. அம்மா "போகாதடி" என்றார். வீட்டுக்கடனுக்கோ மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தேன்.

ராம் மாத்வானி இயக்கி 2016இல் வெளிவந்த படம் அது. 1986 செப்டம்பர் 5 அன்று, பம்பாயிலிருந்து வந்து கராச்சியில் நின்ற பான் ஆம் 73 விமானத்துக்குள் ஆயுததாரிகள் நால்வர் புகுந்தார்கள். தலைமைப் பணிப்பெண்ணான நீரஜா பனோட் எச்சரிக்கை கொடுத்தார். விமானிகள் காக்பிட்டின் மேல்வழியாக வெளியேறினார்கள். கடத்தல்காரர்களால் விமானத்தைக் கிளப்ப முடியாமல் போனது அதனால்தான். அவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த விமானத்தின் முழுப் பொறுப்பும் 22 வயதுப் பெண்ணின் தலையில் இறங்கியது. ஏறத்தாழ 17 மணி நேரம் அவர் அதைச் சுமந்தார். சக பணியாளர்களோடு சேர்ந்து அமெரிக்கப் பயணிகளின் பாஸ்போர்ட்டுகளை மறைத்தார். பயணிகளைத் தப்பவைக்கும்போது சுடப்பட்டு இறந்தார். 23ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. இந்திய அரசு அவருக்கு அசோக சக்ரா வழங்கியது.

படத்தின் மிக நல்ல பகுதி, கடத்தல் காட்சிகளுக்கு நடுவே வெட்டி வெட்டி வரும் அவளுடைய திருமண நினைவுகள். வரதட்சணை கேட்டு வதைத்த கணவனிடமிருந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்ட நீரஜா, திரும்பிப் போகமாட்டேன் என்று முடிவெடுக்கிறாள். அங்கே மறுக்கத் தெரிந்தவள்தான் இங்கே துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறாள் என்று படம் சொல்கிறது. துணிச்சலின் வேரைத் தியாகத்தில் தேடாமல் மறுப்பில் தேடிய படங்கள் நம்மிடம் அதிகமில்லை. அதற்காகவே இதை வகுப்பில் காட்டுகிறேன்.

ஆனால் புகுந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்ல அனுமதிக்கும் அதே படம், வேலை என்று வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. தொடக்கத்தில் ஷபானா ஆஸ்மி நடித்த தாய், இந்த வேலை வேண்டாம், மாடலிங் போதுமே என்கிறார். படம் அதைத் தாயின் வழக்கமான கவலையாகச் செல்லமாகக் கடந்துபோகிறது. கடைசியில் அதே தாய் மகளின் நினைவுக் கூட்டத்தில் பெருமையும் துயரமுமாகப் பேசுகிறார். தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் தாய் புதியவரல்லர். ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடிய பெண், தன் ஒரே மகனையும் போருக்கு அனுப்புகிறாள். மூதின் முல்லை என்று துறை வகுத்து ஈராயிரம் ஆண்டுகளாகப் பாராட்டிவருகிறோம். "போகாதே" என்ற தாயை அந்தத் துறைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தப் படத்தின் பயணம். அவருடைய முதல் பேச்சு வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிய நியாயமான பேச்சு என்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்குத் தெரியாமல் என்னென்ன முடிவாகிறது என்பதைப் பார்க்க வேறொரு விமானத்திடம் போக வேண்டும். அது நம் ஊருக்கு வரவேண்டிய விமானம். 1990 ஆகஸ்ட் 1 மாலை லண்டனிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149, குவைத், மெட்ராஸ் வழியாகக் கோலாலம்பூர் போகவேண்டியது. ஆகஸ்ட் 2 விடியலில் அது குவைத்தில் இறங்கியபோது ஈராக் படைகள் எல்லை தாண்டியிருந்தன. 367 பயணிகளும் 18 பணியாளர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். பலர் மனிதக் கேடயங்களாக வைக்கப்பட்டார்கள். குவைத்திலிருந்த பிரிட்டிஷ் தூதர் ஊடுருவல் பற்றி நள்ளிரவு வாக்கிலேயே லண்டனுக்குச் சொல்லியிருந்தார்; விமான நிறுவனத்துக்கு அது தெரிவிக்கப்படவில்லை. அரசு இதை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2021 நவம்பரில். 2024இல் பயணிகளும் பணியாளர்களுமாக 94 பேர் அரசின்மீதும் நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் தனக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்கிறது. வானத்தில் உணவு பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தெரியாத ஒன்று, அதே நேரத்தில் தரையில் ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது.

அதே குவைத்தைப் பற்றிய 'ஏர்லிஃப்ட்' படமும் 2016இல், 'நீரஜா'வுக்கு ஒரு மாதம் முன்னால் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா அப்போது 488 பயணங்களில் மீட்டுவந்தது. படத்தின் நாயகன் ஒரு தொழிலதிபர். போர் மூண்ட பகுதிக்கு மறுபடி மறுபடி பறந்து திரும்பிய பணிப்பெண்கள் யாருக்கும் அதில் கதை இல்லை. உயிரைக் கொடுத்தால்தான் அவர்களுக்கு ஒரு படம் கிடைக்கும் போலிருக்கிறது.

எல்லோரும் மறுத்தால் மீட்பு விமானத்தில் யார் போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014இல் எபோலா பரவியபோது, அந்த நாடுகளுக்குப் பறக்க விரும்பாத பணியாளர்கள் மறுக்கலாம் என்றது ஏர் பிரான்ஸ். 2016இல் தெஹ்ரானுக்கு மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, தலையில் துணி அணிய மறுத்த பெண்களுக்கு வேறு பயணம் தர ஒப்புக்கொண்டதும் அதே நிறுவனம்தான். தொழிற்சங்கங்கள் போராடிய பிறகு. துணிக்குச் சாத்தியமானது உயிருக்கும் சாத்தியம்தான். உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக்கூடாது என்று 1981ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 155 சொல்கிறது.

அதே 1981இல் நம் உச்ச நீதிமன்றம் நர்கீஸ் மீர்ஸா வழக்கில் தீர்ப்பளித்தது. அதுவரை ஏர் இந்தியா பணிப்பெண் 35 வயதானால், சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தால், அல்லது முதல் முறை கருவுற்றால் வேலையை விட வேண்டும். கருவுற்றால் நீக்கும் விதியை நீதிமன்றம் அடித்து நொறுக்கியது. திருமணத் தடையை அப்படியே விட்டது. அவளுடைய வயிற்றையும் தாலியையும் பற்றி விதி எழுதத் தெரிந்த ஒரு தொழிலில், குண்டு விழும் ஊருக்குப் போவதா என்று அவளைக் கேட்கும் விதி ஏன் எழுதப்படவில்லை? இந்தக் கேள்வி எழாதவரை அவளுடைய துணிச்சலைக் கொண்டாடுவது நிறுவனங்களுக்குச் சௌகரியம்.

இதைச் சொல்வதால் நீரஜாவின் செயல் சிறுத்துவிடாது. வாசல் அருகே இருந்தும் அவர் முதலில் வெளியேறவில்லை. அது அவரே எடுத்த முடிவு. ஒருத்தி தானே எடுக்கும் முடிவும் வேலை போய்விடும் என்று அவளிடமிருந்து பிடுங்கப்படும் சம்மதமும் ஒன்றல்ல என்பதை என் மாணவிகள் பிரித்தறிய வேண்டும். அவர்களில் சிலர் அடுத்த ஆண்டு அந்தச் சீருடையை அணியப்போகிறவர்கள்.

அக்கா போய்விட்டாள். விமான நிலையத்தில் அம்மா அழவில்லை, திருநீறு பூசி அனுப்பினார் என்று அவள் தங்கை சொன்னாள். அடுத்த ஆண்டும் 'நீரஜா'வைத் திரையிடுவேன். விளக்கை அணைப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவைப்பேன்.