சந்தைச் செய்தியும் உயர்வுநவிற்சியும்

மாடத்துக் கொடி மதியின் களங்கத்தைத் துடைத்தது என்று புலவன் பாடும்பொழுது, கேட்போன் கொடிக்கம்பத்தின் உயரத்தை அளக்கப் புறப்படுவதில்லை. சொல்வோனும் கேட்போனும் முன்னரே செய்துகொண்ட உடன்பாடு அது. அவ்வுடன்பாடு இல்லாத இடத்தில் அதே அணியை ஆள்பவரை என்னென்பது? ஆங்கில நாளிதழ்களின் வணிகப் பக்கத்தைப் படிப்போர்க்கு இவ்வினா எழாமற் போகாது. அங்கே பங்கு விலை ஏறுவதில்லை. பாய்கிறது, வெடித்தெழுகிறது, வாணம்போல் விண்ணிற் செல்கிறது. ஏறுமுகச் சந்தையைக் காளை என்றும் இறங்குமுகச் சந்தையைக் கரடி என்றும் வழங்குவது பழைய மரபு, அதனாற் கேடில்லை. கேடு வினைச்சொற்களிலே உள்ளது.

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி நிகழ்ந்ததை நோக்குவோம். கொள்ளை நோய் பரவி அமெரிக்காவில் தொழில்கள் முடங்கிய வேளை அது. அன்று நியூயோர்க்கில் டௌ ஜோன்ஸ் சுட்டெண் 2,112 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. ஒரே நாளில் அத்துணைப் புள்ளிகள் அதற்குமுன் ஏறியதில்லை. ஆதலின் 'வரலாறு காணாத' என்னும் அடைமொழிக்கு வேலை கிடைத்தது. ஆனால் புள்ளிக் கணக்கு, சுட்டெண் பெரிதாகுந்தோறும் தானே பெரிதாகும் கணக்கு. வீதத்தால் அளப்பின் அன்றைய உயர்வு நூற்றுக்கு 11.37. அவ்வாறு அளந்து, '1933க்குப் பின் இதுவே பெரிது' என்று பாராட்டியோரும் உளர். 1933 எத்தகைய ஆண்டு என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனரா?

அந்த ஆண்டு மார்ச் 15இல் சுட்டெண் நூற்றுக்கு 15.34 ஏறியது. 1931 ஒக்டோபர் 6இல் ஏறியது 14.87. இரண்டும் பெருமந்த காலத்து நாள்கள். வறட்சியில் ஓரிரவு கொட்டும் மழை போன்றவை அவை. 1931இன் அந்த நன்னாளிலே சுட்டெண்ணின் பங்குகளை 100 டொலருக்கு வாங்கியவனுக்கு, 1932 யூலை 8இல் ஏறத்தாழ 41 டொலரே எஞ்சியிருக்கும். மிகப்பெரிய ஏற்றங்கள் மிகப்பெரிய வீழ்ச்சிகளின் அண்டையிலேயே வாழ்கின்றன என்பதைத் தலைப்புகள் மறைத்துவிடுகின்றன.

உயர்வுநவிற்சியோடு இவர்கள் நிற்பதுமில்லை. இயல்பாக நிகழ்வதன்மீது புலவன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வதைத் தற்குறிப்பேற்றம் என்பர் அணிநூலார். எண்ணிறந்தோர் எண்ணிறந்த காரணங்களால் வாங்கி விற்றதன் விளைவை, 'சந்தை நம்பிக்கை கொண்டது', 'சந்தை அச்சம் நீங்கிற்று' என்று மாலைக்குள் எழுதிவிடுதல் வேறென்ன? ஓரெழுத்துக்கும் இடமில்லாத தலைப்பில் உரத்த சொல்லைத் தேடும் உதவியாசிரியரின் இடர்ப்பாடு உணரத்தக்கதே. காரணம் கற்பிப்பதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

இச்சொற்கள் விலைக்குப் போன காலமும் உண்டு. குறித்த பங்குகளைப் புகழ்ந்தெழுதப் பத்திரிகையாளர் சிலர்க்கு 1920களில் பணம் கொடுக்கப்பட்டமைக்கான சான்றுகளை, 1932இல் லா குவார்டியா அமெரிக்க செனற் குழுவின் முன் வைத்தார். இன்று எழுதுவோரெல்லாம் கைக்கூலி பெறுவோர் என்பது இதனாற் பெறப்படாது. அச்சொற்களுக்கு விலை கொடுக்க ஆள் இருந்தமையே நோக்கத்தக்கது. சேமிப்பை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடும் எளியவன் அச்சொற்களின் பின்னே ஓடுகிறான்.

வேறுவிதமாக எழுதுதல் இயலாததன்று. அதே 1920களில் நியூயோர்க் டைம்ஸ் இதழின் நிதிப்பகுதி ஆசிரியராயிருந்த அலெக்சாந்தர் நோயஸ் அந்த ஆரவாரத்துக்கு இரையாகாதிருந்தார். 1929இன் வீழ்ச்சியைப் பற்றி 1955இல் நூலெழுதிய கல்பிரெயித் அவரைப் பாராட்டியுள்ளார். 2020 மார்ச் 24க்கும் ஒரு வரி போதும்: சுட்டெண் இன்று நூற்றுக்கு 11 வீதம் உயர்ந்தது, பெப்ரவரியில் இருந்த உச்சத்துக்கு இன்னமும் ஏறத்தாழ 30 வீதம் கீழே நிற்கிறது.