மேடையும் பங்குப் பத்திரமும்

எங்கள் பசுவந்தனைக்கு வடக்கே எட்டயபுரம், தெற்கே ஒட்டப்பிடாரம். ஒன்று பாரதி பிறந்த ஊர், மற்றது வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர். ஒரே கப்பல் கம்பெனிக்காக ஒருவர் பத்திரிகையில் எழுதினார். மற்றவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இரண்டுக்கும் நடுவே கிடப்பதாலோ என்னவோ, எங்கள் கரிசல் பக்கத்தில் பேச்சுக்கு மயங்குகிற குணம் கொஞ்சம் கூடுதல். மக்காச்சோள விதைக் கம்பெனி வயல் விழா நடத்தட்டும், மருந்துக் கம்பெனி கூட்டம் போடட்டும், மைக்கைப் பிடிப்பவர் எடுத்த எடுப்பில் சரக்கைப் பற்றிப் பேசமாட்டார். மண்ணின் பெருமை, விவசாயியின் கண்ணீர், நாட்டின் பசி எல்லாம் முதலில் வரும். விதைப் பாக்கெட் கடைசியில்தான் மேசைக்கு ஏறும்.

தொழிலை ஒரு கொள்கையோடு முடிச்சுப் போட்டு மேடையில் விற்கும் இந்த முறையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம் தூத்துக்குடி. அந்தச் சோதனையைப் பற்றி நாம் இன்றுவரை வீரவணக்கமாகத்தான் பேசிவருகிறோம். வியாபாரக் கண்ணோடும் ஒருமுறை பார்க்கலாம். வ.உ.சி. அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் கணக்கு வழக்குத் தெரிந்த வக்கீல்.

1906 அக்டோபரில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததே சட்டம். எதிர்த்து வந்தவர்களிடம் சொந்தக் கப்பல்கூட இல்லை. முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்களையும் பிரிட்டிஷ் கம்பெனி நெருக்குதல் கொடுத்துப் பிடுங்கவைத்தது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்த வேண்டி வந்தது. இப்படிப்பட்ட கம்பெனியில் பணம் போடு என்று எதைக் காட்டிக் கேட்பது? காட்டுவதற்கு லாபக் கணக்கும் இல்லை, சொத்தும் இல்லை. இருந்தது சொல் ஒன்றுதான். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டு வ.உ.சி. பம்பாய்க்குப் போனதாகச் சொல்வார்கள். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் துறைமுகத்துக்கு வந்தே விட்டன.

மேடைப் பேச்சின் பலம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது. எந்த வங்கியும் நம்பாத ஒன்றை நம்பச்செய்ய அதனால் முடியும். ஒரு தொழில் பிறக்கிற நேரத்தில் அதற்கு ஈடு கிடையாது.

ஆனால் பிறந்த பிறகு? எதிராளி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினார். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. சும்மாவே ஏறிக்கொள், குடையும் தருகிறேன் என்றார் எதிராளி. குடையைத் தொடாமல் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் உண்டு என்று படிக்கும்போது மெய் சிலிர்க்கத்தான் செய்கிறது. டிக்கெட் என்பது விலை என்ற நிலை மாறி மானம் ஆகிவிட்டது. அந்த அளவில் பேச்சு ஜெயித்தது. ஆனால் அந்தக் கப்பல்களில் கொழும்புக்குப் போனவர்களில் பெரும்பகுதி யார்? தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிக்கொண்டு போன ஜனம். எந்தக் கப்பல் என்று தீர்மானிப்பவர் கங்காணி. கூட்டத்தில் பேச்சைக் கேட்டுக் கண் கலங்கியவரும் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுபவரும் ஒரே ஆள் இல்லை. இந்தச் சங்கடம்தான் கம்பெனியின் கதை நெடுகிலும் வருகிறது.

1908 தொடக்கத்தில் தேசியப் பிரசாரகர் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். கடற்கரையில் அவரும் வ.உ.சி.யும் பேசினார்கள், தமிழில். அதற்கு முந்தைய மே மாதம் சென்னைக் கடற்கரையில் வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் பேசியது ஆங்கிலத்தில். கூலிக்காரருக்கும் மில் தொழிலாளிக்கும் அவர்கள் மொழியிலேயே அரசியல் பேசுவது அன்றைக்குப் புதுசு. தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்த பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர், கிறிஸ்தவப் பிரசங்க மரபிலிருந்து இந்தக் கூட்டங்கள் வரைக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டியிருக்கிறார். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்: அந்தப் பேச்சுகள் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் போலீஸ்காரர் எடுத்த குறிப்புகளின் வழியாகத்தான். தண்டிப்பதற்காகக் கேட்ட காது அது.

பிப்ரவரி கடைசியில் கோரல் மில்லில் வேலைநிறுத்தம். ஒன்பது நாளில் தொழிலாளிகள் ஜெயித்தார்கள்; கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. பேச்சினால் விளைந்த பலன்களில் நிலைத்த பலன் என்று நான் இதைத்தான் சொல்வேன். கவனியுங்கள், இங்கே யாருக்கும் பங்கு விற்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த மில் ஹார்வி கம்பெனியுடையது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல்களுக்குத் தூத்துக்குடி ஏஜெண்டும் அதே ஹார்வி. போட்டியாளரின் மில் வாசலில் கப்பல் கம்பெனிக்காரர் பேசினால் அது தொழிலாளிக்காகவா, தொழிலுக்காகவா? இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன். அதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கொள்கையும் வியாபாரமும் ஒரே எதிரியைச் சந்தித்த அபூர்வமான தருணம் அது.

ஆனால் கம்பெனியின் கோணத்திலிருந்து பார்த்தால் ஆபத்து முற்றியதும் அங்கேதான். 25 ரூபாய்ப் பங்கு அன்றாடங்காய்ச்சிக்கு எட்டாத சங்கதி. கடற்கரை மணலில் உட்கார்ந்து கேட்டவர்களிடம் பங்குப் பத்திரம் இல்லை. பத்திரம் வைத்திருந்த வியாபாரிகளும் ஜமீன்காரர்களும் கடற்கரைக்கு வந்து உட்காரப்போவதில்லை. பேச்சின் சூடு ஏற ஏற அவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒரே வாய் இரண்டு கூட்டத்துக்குப் பேசியது; ஒன்றுக்கு வீரமாகக் கேட்டது மற்றதற்கு நஷ்டமாகக் கேட்டது. மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே அதைக் கலைத்து முடித்திருந்தார்கள்.

பேச்சாளரே கம்பெனி என்று ஆகிவிட்டால், பேச்சாளரை அடைத்தால் கம்பெனியையும் பூட்டியதாகிவிடும். அரசாங்கத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கம்பெனிச் சட்டப்படி மோதியிருந்தால் வருஷக்கணக்கில் இழுத்திருக்கும். பேச்சைப் பிடித்தது சுலபமாகப் போயிற்று. அவர் இல்லாத நாட்களில் பங்குதாரர்களைக் கூட்டி, இன்ன காரணத்தால் இவ்வளவு நஷ்டம், இன்னும் இத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்று பேசிய இரண்டாவது குரல் ஒன்று மக்கள் ஞாபகத்தில் இல்லவே இல்லை. வ.உ.சி.யின் பேச்சில் குறை காண்பதைவிட இந்த மௌனத்தில்தான் எனக்குக் குறை அதிகம் தெரிகிறது.

பேச்சைக் குறைத்து, லாபத்தை மட்டும் பார்த்து ஓட்டியிருந்தால் பிழைத்திருக்குமா? அதுவும் சந்தேகம்தான். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் ரயில்–கப்பல் வழி திறந்து, இலங்கைப் பயணத்தின் திசையே மாறியது. மடியில் பெரிய முதல் இருப்பவர் நஷ்டத்துக்கு ஓட்டிக்கொண்டே எதிராளியைச் சாகடிக்கலாம் என்ற விதியும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பேச்சு கம்பெனியைக் கொன்றது என்று எழுதுவது அநியாயம். எட்டணாக் கட்டணத்தில் எத்தனை மாதம் ஓடலாம் என்ற கேள்விக்கு மேடையில் விடை கிடையாது, அவ்வளவுதான்.

இன்றைக்கு எங்கள் பக்கத்தில் அந்தக் கப்பல் கம்பெனிக்கு நெருங்கிய சொந்தம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். 10,000 நிறுவனங்கள் அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது; விவசாயி போடும் பங்குத் தொகைக்குச் சமமாக, ஆளுக்கு 2,000 ரூபாய் வரை அரசும் போடும். உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் என்று தனித்தனியாகக் கமிஷன் கடையில் நிற்பவர்களை ஒரு கம்பெனியாகச் சேர்க்கும் யோசனை நல்ல யோசனை. தூத்துக்குடியில் இல்லாத ஒரு வசதியும் இங்கே உண்டு: கேட்பவரும் பங்குதாரரும் ஒரே ஆள். பேச்சில் ஏறுகிற சூடு யாருடைய பணத்தைச் சுடும் என்பதில் குழப்பமில்லை.

அப்படியிருந்தும் கூட்டங்கள் பழைய தடத்திலேயே போகின்றன. இடைத்தரகரை ஒழிப்போம், நாமே முதலாளி ஆவோம் என்பதெல்லாம் காதுக்கு இனிமை. ஆதார் நகலும் பங்குத் தொகையும் அன்றைக்கே வாங்கிவிடுகிறார்கள். பிந்திய மழையில் உளுந்து கறுத்துப்போனால் எந்தத் தரத்தில் சேர்ப்பார்கள், கிட்டங்கி வாடகை யார் தலையில், கமிஷன் கடையில் வாங்கிய பழைய கடனை வைத்துக்கொண்டு ஒருத்தர் எப்படிக் கடையை விட்டு வெளியே வருவார் என்பவை பேச்சில் வருவதில்லை. வந்தால் பேச்சு வறண்டுபோகும் என்று பேசுகிறவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நஷ்டத்தைப் பற்றிப் பேசினால் கரிசல்காரன் தூங்கிவிட மாட்டான். மூன்று போகத்துக்கு ஒரு போகம் அவன் வீட்டில் நடப்பதுதானே அது. பின்வரிசையில் துண்டை உதறிக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்து, “அதெல்லாஞ் சரி தம்பி, உளுந்த என்ன வெலைக்கு எடுப்பீக, துட்டு என்னைக்குக் கைக்கு வரும்?” என்று கேட்பார். அதைக் கடைசியில் பேசலாம் ஐயா என்பார் மேடையில் இருப்பவர். கடைசி வருவதற்குள் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிடும்.