படத்தோடு போகும் பெயர்

நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தின் வட்டக் கருவறை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, சித்தன்னவாசல் குன்று என்று புதுக்கோட்டையைச் சுற்றி எடுத்த படங்கள் என் கணினியில் பல்லாயிரம். எல்லாவற்றுக்கும் கேமரா வைத்த பெயர் வெறும் எண்தான்.

முன்பு அவற்றைப் பிகாசா என்னும் மென்பொருளில் அடுக்கினேன். 2016இல் அதன் காலம் முடிந்தது. பிறகு தேடிப் பிடித்தது டிஜிகேம். படங்களை அடுக்கும் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

அதில் என் மனம் நின்ற இடம் குறிச்சொல். குடுமியான்மலைக்குக் கீழ் கல்வெட்டு, அதற்குக் கீழ் இசை என்று மரம்போலக் கிளை விடலாம், தமிழிலேயே தட்டலாம். அந்தச் சொல்லைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கவும் வழி உண்டு. நாளை மென்பொருளே மாறினாலும் பெயர் படத்தோடு போகும். இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரிந்து இல்லை.

படத்தில் வெயிலில் வெளுத்த பாறையை டிஜிகேமிலேயே சற்று இருட்டாக்கினால் அது தனிப் பிரதியாகச் சேரும், மூலப்படம் கெடாது. கல்வெட்டு எழுத்தைப் படிக்கிறவருக்கு மூலப்படம்தானே சான்று! கேமராவின் ரா (RAW) கோப்புகளை நுணுக்கமாகப் பதப்படுத்த மட்டும் டார்க்டேபிள் என்னும் மென்பொருளுக்குப் போகிறேன்.

ஊர்க் கோயிலைப் படமெடுப்பவர்களே, இன்றிரவே பத்துப் படங்களுக்காவது எந்த ஊர், எந்தச் சுவர், எந்தத் தூண் என்று எழுதிவிடுங்கள்.