அறிவிலிக்கு இட்ட பெயர்கள்

ஆங்கிலத்தில் மடமையையும் அறியாமையையும் குறிக்க ஒரு காலத்தில் வழங்கிப் பின்னர் வழக்கொழிந்த சொற்களைத் திரட்டி வைத்து நகையாடுவது அம்மொழி ஆர்வலர் பலருக்கு உவப்பான பொழுதுபோக்கு. 'ஜாபர்நோல்', 'நின்னிஹாமர்', 'கிளாட்போல்', 'மூன்காஃப்' என்று அவற்றை உரக்கச் சொன்னாலே சிரிப்பு வருகிறது. வசைக்குப் புதுச் சரக்கு கிடைத்த மகிழ்ச்சி அவர்களுக்கு. அச்சிரிப்பில் கலந்துகொள்ள நாமும் தயங்கவில்லை. ஆயினும் இத்தகைய தொகுப்புகளைப் புரட்டும்போதெல்லாம் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. ஓசையால் நகைப்பூட்டும் சொற்களையே பொறுக்குகிறார்கள். சொல் உயிரோடிருக்க, அதன் பழம்பொருள் மட்டும் மாண்டுபோன இடங்களை அவர்கள் கண்டுகொள்வதில்லை. இலக்கியம் பயில்வோரை இடறிவிடுபவை அவ்விடங்களே. செத்த சொல்லைக் கண்டால் அகராதியைத் தேடுகிறோம். உயிருள்ள சொல்லைக் கண்டால் தேடுவதில்லை.

லியர் மன்னன் பித்தம் தெளிந்து தன் மகள் கார்டீலியாவின் முன் தன்னைப் பற்றிப் பேசும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே அவன் தன்னைக் குறிக்க ஆளும் சொற்களுள் ஒன்று 'ஃபாண்ட்'. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குப் பிரியமுள்ள என்று பொருள். அப்பொருளையே கொண்டு படிப்பவர், பாசம் மிக்க ஒரு கிழவனைக் காண்பார். ஆனால் அச்சொல்லின் மூலப் பொருள் 'அறிவு கெட்ட' என்பது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அப்பொருள் நன்றாகவே வழங்கியது. மகளிடம் ஒரு தந்தை தன் மதிகேட்டை ஒப்புக்கொள்ளும் இடம் அது. நாடகம் முழுவதும் அந்த ஒப்புதலை நோக்கியே நகர்ந்து வந்திருக்க, அதைப் பாசமொழியாக மாற்றிவிடுவது எத்துணைப் பெரிய இழப்பு! அன்பு மிகுந்தவன் அறிவிழந்தவன் என்ற எண்ணமே ஒரு பொருளிலிருந்து மற்றதற்குப் பாலமிட்டிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

'சில்லி' என்ற சொல் இதற்கு நேர்மாறான திசையில் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல் பேறு பெற்றவரைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'ஸேலிஷ்' இன்றும் அப்பொருளிலேயே நிற்கிறது. பேறு பெற்றவர் கள்ளமற்றவரானார், கள்ளமற்றவர் இரங்கத்தக்கவரானார், இரங்கத்தக்கவர் இறுதியில் அசடரானார். 'நைஸ்' என்பதோ அறியாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சாசர் காலத்தில் மூடனைச் சுட்டிய அச்சொல், பிறகு நுணுக்கம் பார்ப்பவரைச் சுட்டி, பின் இனிமை எதற்கும் பொதுவாயிற்று. 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' என்னும் நாவலில், கண்டதற்கெல்லாம் அச்சொல்லைப் பயன்படுத்துவதை ஒரு பாத்திரத்தின் வாயிலாக ஜேன் ஆஸ்டின் எள்ளியிருக்கிறார்.

இது ஆங்கிலேயருக்கே உரிய விந்தை என்று நாம் எண்ண வேண்டியதில்லை. குறளில் சினத்தைக் குறிக்கும் 'வெகுளி', இன்று நம் வீடுகளில் சூதுவாது அறியாத பிள்ளைக்குப் பெயராகியிருக்கிறது. குறள் ஓர் அதிகாரமே வகுத்துக் கடியும் 'பேதைமை' ஒருபுறம் இருக்க, சிறுமியின் பருவத்திற்கும் 'பேதை' என்றே பெயர் சூட்டினர் நம் முன்னோர். மடத்தைப் பெண்ணுக்கு அணிகலனாகச் சொன்ன மரபும் நம்முடையதே. அதைப் பற்றிப் பேசப் புகுந்தால் இக்கட்டுரை வேறு வழியில் போய்விடும்.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்த சொல் 'இக்னொரேமஸ்'. லத்தீனில் இது ஒரு வினைமுற்று. 'நாம் அறியோம்' என்பது பொருள். குற்றச்சாட்டு ஒன்று முன்வைக்கப்பட்டால், அதற்குப் போதிய சான்று இல்லையென்று கண்ட ஆங்கில நாட்டு ஜூரிகள் அந்த ஆவணத்தின் பின்புறம் எழுதிய குறிப்பு அது. ஒருவனை விசாரணைக்கு இழுக்காமல் காத்த சொல். 1615-இல் ஜார்ஜ் ரகில் என்பவர் இப்பெயரிலேயே லத்தீனில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுத, கேம்பிரிட்ஜில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் அது நடிக்கப்பட்டது. அரைகுறை லத்தீன் பேசும் வழக்கறிஞர் ஒருவரே அதில் நகைப்புக்கு இலக்கு. மன்னருக்கு அது மிகவும் பிடித்துப்போகவே, மீண்டும் வந்து கண்டு களித்தார். அதன்பின் அச்சொல் அறிவிலியின் பெயராக நிலைத்தது. அறியாததை அறியோம் என்று நேர்மையாக எழுதிய கை, வசைச்சொல்லுக்கு விதையிட்டது!

அரசாங்கச் சட்டமும் இத்துறையில் பின்தங்கவில்லை. கிரேக்கத்தில் பொதுவாழ்வில் ஈடுபடாத தனியாளைக் குறித்த 'இடியட்' என்னும் சொல், இங்கிலாந்தின் 1913-ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டத்தில் மனிதரை வகைப்படுத்தும் பெயராக ஏறியது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அகற்றியது.

'டன்ஸ்' என்பதன் கதை இவற்றினும் கசப்பானது. கணக்கு வராத பிள்ளையை அப்பெயரால் விளித்த ஆசிரியர்களை நம்மில் சிலரேனும் கண்டிருப்போம். அப்பெயருக்கு உரியவரோ ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபர்டிலும் பாரிஸிலும் கற்பித்து, 1308-இல் கொலோனில் மறைந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ். 'நுண்மதி ஆசான்' என்று அவரைப் போற்றியது அக்காலம். நம் இப்னு ஸீனாவின் தத்துவத்தை ஊன்றிக் கற்று, அதனின்றும் தம் கொள்கைகளை வளர்த்தெடுத்தவர் அவர். பதினாறாம் நூற்றாண்டில் புதிய கல்விமுறை வந்தபோது, பழைய முறையைப் பற்றி நின்ற அவருடைய வழியினரைப் பழிக்க அவர் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 1535-இல் ஆக்ஸ்ஃபர்டைப் பார்வையிடச் சென்ற அரசுத் தூதர் ரிச்சர்ட் லேட்டன், ஒரு கல்லூரி முற்றத்தில் அவருடைய நூலின் கிழிந்த ஏடுகள் காற்றில் பறந்து கிடந்ததை மகிழ்ச்சி பொங்க எழுதியனுப்பினார். அவற்றைப் பொறுக்கிய ஒருவர் மான்களை வெருட்டி மறிக்கப் பயன்படுத்தப் போவதாகவும் அக்கடிதம் கூறுகிறது.

இருநூறு ஆண்டுகள் சென்றபின் அலெக்சாண்டர் போப் அதே பெயரைக் கையிலெடுத்தார். 1725-இல் அவர் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்தார். மறு ஆண்டே லூயிஸ் தியோபால்ட் என்பவர் அப்பதிப்பின் பிழைகளைத் திருத்தித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். 1728-இல் போப்பின் மறுமொழி 'டன்சியட்' என்னும் அங்கதக் காவியமாக வந்தது. அதில் மூடர்களின் அரசனாக முடிசூடியவர் தியோபால்ட்! போப்பின் செய்யுள் வன்மையை மறுப்பார் எவருமிலர். நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஃபால்ஸ்டாஃபின் சாவைக் கூறும் பகுதியில், பசும்புல்வெளிகளோடு ஒரு 'மேசை' பொருளின்றி வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். அது நாடகக் குழுவின் சாமான்காரரைப் பற்றிய குறிப்பு தவறி நுழைந்தது என்று விளக்கினார் போப். தியோபால்டோ ஓரிரு எழுத்தை மாற்றி, சாகக் கிடந்தவன் புல்வெளிகளைப் பற்றிப் பிதற்றினான் என்று பாடம் கண்டார். இன்றும் பெரும்பாலான பதிப்புகளில் அச்சாவது மூடர் அரசன் கண்ட அந்தப் பாடமே.