டார் ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை?

டார் கட்டளையைப் பதினைந்து வருஷமாகப் பயன்படுத்துகிறேன். அதைத் திட்டி எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் நடந்தது. வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களிடம் எடுத்த நேர்காணல்களை எழுத்தாக்கி ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். 01-இல் ஆரம்பித்து 38 வரை, எல்லாம் வெறும் உரைக் கோப்புகள். ராத்திரி பதினொன்றரை மணி. தூங்கப் போகும் முன் ஒரு பேக்கப் எடுத்துவிடலாம் என்று டெர்மினலைத் திறந்தேன். டார், சி இசட் எஃப், அப்புறம் நட்சத்திரக் குறி, என்டர். ஒரு நொடியில் முடிந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. காலையில் 01-ஐத் திறந்தால் உள்ளே ஒரே கிறுக்கல்.

நடந்தது இதுதான். சி என்றால் புது மூட்டை கட்டு. இசட் என்றால் அதை ஜிஜிப் வைத்துச் சுருக்கு. எஃப் என்றால், அடுத்து வரும் பெயர்தான் மூட்டையின் பெயர். அந்தப் பெயரைத்தான் நான் கொடுக்க மறந்துவிட்டேன். நட்சத்திரக் குறியை ஷெல் 38 பெயர்களாக விரித்துக் கொடுத்தது. டார் முதல் பெயரை மூட்டைக்கு எடுத்துக்கொண்டு, மீதி 37 கோப்புகளையும் அதற்குள் கட்டியது. பழைய 01 போயே போச்சு.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. 'யூனிக்ஸ் மரபே அப்படித்தான், சொன்னதைச் செய்யும், சிபி கட்டளைகூடத்தான் கேட்காமல் மேலெழுதும்' என்று நண்பர்கள் சொன்னார்கள். டார் எப்போதும் அப்படி இருந்தால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே வைக்க எதுவுமே கொடுக்காமல் மூட்டை கட்டச் சொல்லிப் பாருங்கள். காலி மூட்டை கட்டக் கோழைத்தனமாக மறுக்கிறேன் என்று குனு டார் ஆங்கிலத்தில் சொல்லும். காலி மூட்டையால் யாருக்கு என்ன நஷ்டம்? அதற்குப் பயப்படுகிற கட்டளை, எழுத்து நிறைந்த ஒரு கோப்பை அழிக்கும்போது வாயைத் திறக்கவில்லை.

இதற்குக் காரணம் அதன் பிறப்பு. டார் 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்தது, காந்த நாடாவுக்காக. அன்றைக்கு எஃப் கொடுக்காவிட்டால் நேராக நாடாவிலேயே எழுதும். நாடாவில் கோப்புப் பெயர் ஏது, மேலெழுதும் கேள்வி ஏது? மாட்டினோம், எழுதினோம், கழற்றினோம். வட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பழசு என்பதால் மாற்ற முடியாது என்ற வாதமும் செல்லாது. ஆரம்பத்தில் ஒரு கோப்பின் பெயருக்கு டார் ஒதுக்கியது 100 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறிகள். 'வேதாரண்யம்' என்ற சொல்லே 30 பைட். அந்த எல்லையைப் பின்னால் தாண்டினார்கள், பழைய மூட்டைகளும் திறந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படியிருக்க, மேலெழுதும் முன் ஒரு கேள்வி சேர்ப்பது பெரிய காரியமா?

'கேள்வி கேட்டால் ராத்திரி தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுகள் நின்றுவிடும்' என்பது நியாயமான பயம். அதற்கு விடை ரொம்பப் பக்கத்திலேயே இருக்கிறது. 1992-இல் வந்த ஜிஜிப்பைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அதே பெயரில் கோப்பு இருந்தால், டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் மேலெழுதவா என்று கேட்கும். ஆள் இல்லாவிட்டால் மேலெழுதாமல் விட்டுவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் எஃப் கொடுக்க வேண்டும். அன்சிப்பும் பிரிக்கும்போது கேட்கிறது. டாரோ பிரிக்கும்போதும் அதே பெயரில் இருப்பதைக் கேட்காமல் மாற்றிவிடுகிறது. கே கொடுத்தால்தான் பழசைத் தொடாது. இன்னொன்று, எக்ஸ் எஃப் என்று மட்டும் சொன்னாலே எந்த முறையில் சுருக்கிய மூட்டை என்று குனு டார் தானே கண்டுபிடித்துவிடும். ஒரு கோப்பு மூட்டையா இல்லையா என்று பார்க்கத் தெரிந்த கட்டளை, மூட்டையே அல்லாத ஒன்றை அழிக்கும் முன்னாவது நின்றிருக்கலாமே.

இவ்வளவு சொன்னாலும் டாரை விடப்போவதில்லை. அனுமதிகள், குறியிணைப்புகள், தேதிகள் எல்லாவற்றையும் அப்படியே கட்டித் தருகிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே குழாய் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பவும் முடிகிறது. அந்த வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பழக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். இப்போது ஃபோல்டருக்கு வெளியே வந்து, முதலில் மூட்டையின் பெயர், பிறகு ஃபோல்டரின் பெயர் என்று எழுதுகிறேன். நட்சத்திரக் குறி கிடையாது. கட்டி முடித்ததும் டி எஃப் கொடுத்து உள்ளே இருப்பதை ஒரு முறை பார்க்கிறேன். யாரோ அனுப்பிய மூட்டையைப் பிரிக்கும் முன்பும் அப்படியே, அதுவும் ஒரு காலி ஃபோல்டருக்குள்.

01 ஒரு பாட்டியின் நேர்காணல். ஒலிப்பதிவு இருக்கிறது, மறுபடியும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் பாத்தியில் உப்பு வாருவதைச் சொல்லும்போது அவர் கை எப்படிப் போனது, எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக் கடலைப் பார்த்தார் என்று அன்றைக்கே ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். ஒலிப்பதிவில் அதெல்லாம் இல்லை. மௌனம் வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன், பாதிக்குமேல் நினைவுக்கு வரவில்லை.