ஒற்றைக் கம்பியில் ஒரு பேச்சு

டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரைப் பார்த்தால் சாதாரண டிரான்சிஸ்டர் என்றே தோன்றும். கறுப்பு உடம்பு, மூன்று கால்கள். ஓரத்துக் கால்கள் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால் பேச்சுக்கு. ஆர்டுயினோ கேட்பதும் சென்சார் பதில் சொல்வதும் அந்த ஒரே கம்பியில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது கூடவே போடவேண்டிய 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடுகள் போட்டது. சென்சாருக்குக் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும். விட்டதும் மேலே ஏற்றுவது இந்த ரெசிஸ்டர். இவ்வளவு மலிவான பொருள் இல்லையென்றால் பேச்சே நடக்காது.

ஒவ்வொரு சில்லிலும் தொழிற்சாலையிலேயே 64 பிட் அடையாள எண் பதிந்திருக்கும். ஆகவே பத்துச் சென்சார்களை ஒரே கம்பியில் கோத்தாலும் ஒவ்வொன்றையும் தனியாகக் கூப்பிடலாம். அருமையான யோசனை!

12 பிட் நுட்பத்தில் அளந்து முடிக்க 750 மில்லி விநாடி வரை ஆகும். மின்சாரம் கொடுத்த கையோடு அவசரப்பட்டுக் கேட்டால் 85 டிகிரி என்று வரும். அது அறையின் சூடல்ல, நினைவகத்தின் தொடக்க எண். வழக்கமான ஆர்டுயினோ லைப்ரரியில் -127 வந்தால் இணைப்பைத்தான் பார்க்கவேண்டும்.

எல்லாம் சரியானதும் சென்சாரை இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள். 28.50, 28.56, 28.63 என்று திரையில் எண்கள் ஏறும். ஒவ்வொரு படியும் 0.0625 டிகிரி.